வேதிவினைகளைக் கோத்து ஒரு தொடர் இயந்திரம்: மாணவர் குழுக்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

மேல்நிலை வகுப்பு மாணவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, ஒரு வேதிவினையின் விளைவே அடுத்த வினையைத் தொடங்கிவைக்கும்படி ஒரு தொடரை அமைத்து, அறிவியல் கண்காட்சியில் இயக்கிக் காட்டும் செயல்திட்டத்தைப் பற்றியவை இந்தக் கேள்விகள். செய்யத் தொடங்கும் குழுக்களும், வழிகாட்டும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

இந்தச் செயல்திட்டத்தில் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

முதல் கட்டத்தை ஒருவர் கையால் தொடங்கிவைக்கலாம். அதற்குப் பிறகு கடைசிக் கட்டம் வரை யாரும் எதையும் தொடக்கூடாது. வினிகரும் ஆப்பசோடாவும் கலந்து வாயு வெளிப்படுகிறது, அந்த வாயு நீரைத் தள்ளுகிறது, தள்ளப்பட்ட நீரின் எடை ஒரு நெம்புகோலைச் சாய்க்கிறது, நெம்புகோல் அடுத்த கரைசலைக் கவிழ்க்கிறது என்பதுபோல் இது நகரும். எளிய வேலை ஒன்றை வேண்டுமென்றே சுற்றி வளைத்துச் செய்யும் இயந்திரங்களைக் கேலிச்சித்திரங்களாக வரைந்த அமெரிக்கரான ரூப் கோல்ட்பர்க்கின் பெயரில், அந்நாட்டின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1949-இல் மாணவர் போட்டி ஒன்று தொடங்கியது. 1988 முதல் அது தேசிய அளவில் நடந்துவருகிறது. நாம் செய்வது அதன் வேதியியல் வடிவம் எனலாம். இதற்கு இன்னும் நெருங்கிய உறவு, அமெரிக்க வேதிப்பொறியாளர் அமைப்பு 1999 முதல் நடத்தும் கெம்-இ-கார் போட்டியாகும். அதில் சிறிய வண்டியை ஓட்டுவதும் வேதிவினைதான், நிறுத்துவதும் வேதிவினைதான். செல்ல வேண்டிய தூரமும் ஏற்ற வேண்டிய சுமையும் போட்டியன்றுதான் சொல்லப்படும்.

எத்தனை கட்டங்கள் வைக்கலாம்? பத்துக் கட்டங்களாவது இருந்தால்தானே பார்க்க நன்றாக இருக்கும்?

ஐந்து அல்லது ஆறு போதும் என்பது எங்கள் கருத்து. காரணம் எளிய நிகழ்தகவுக் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் பத்து முறையில் ஒன்பது முறை சரியாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இது நல்ல தேர்ச்சிதான். ஆனால் அத்தகைய பத்துக் கட்டங்களைக் கோத்தால், முழுத் தொடரும் தடையின்றி ஓடி முடியும் வாய்ப்பு 35 சதவீதம் மட்டுமே. ஒவ்வொன்றையும் 95 சதவீத நம்பகத்துக்குக் கொண்டுவந்தாலும் பத்துக் கட்டங்களுக்கு 60 சதவீதம்தான் கிடைக்கும். அதே நம்பகத்துடன் ஆறு கட்டங்கள் என்றால் 73 சதவீதத்தைத் தாண்டும். புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்க்கும் நேரத்தில், இருக்கும் கட்டம் ஒன்றின் நம்பகத்தைக் கூட்டுவதே இலாபம். இந்தக் கணக்கையே ஒரு சிறு பலகையில் எழுதிக் காட்சிக்கு வைத்த குழுக்களிடம் நடுவர்கள் கூடுதல் நேரம் நின்று பேசுவார்கள்.

முதலில் வினைகளைத் தேர்ந்தெடுப்பதா, அவற்றை இணைக்கும் முறையை யோசிப்பதா?

இணைப்பைத்தான். ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: காணொளிகளில் பார்த்த கவர்ச்சியான வினைகளைப் பட்டியலிட்டுவிட்டு, அவற்றை எப்படியாவது ஒட்டவைத்துவிடலாம் என்று நம்புகின்றன. வினை நடப்பது கடினமே இல்லை. அளவு சரியாக இருந்தால் அது நடந்தே தீரும். கடினமானது, அந்த வினையின் விளைவு அடுத்த இடத்துக்குப் போய் ஒரு வேலையைச் செய்வதுதான்.

ஆகவே ஒவ்வொரு வினையையும் பார்த்து, இது வெளியே எதைத் தருகிறது என்று கேளுங்கள். வாயுவைத் தந்தால் அழுத்தம் கிடைக்கும். வெப்பத்தைத் தந்தால் எதையாவது உருக்கலாம். அயனிகளைத் தந்தால் மின்சுற்றை மூடலாம். ஒரு திண்மத்தைக் கரைத்தால், அந்தத் திண்மம் தாங்கிக்கொண்டிருந்த பொருள் விழும். நிறத்தை மட்டும் தருகிற வினை, ஒளியுணரி ஒன்றின் துணையில்லாமல் எதையும் அசைக்காது. செம்பருத்திச் சாற்றை அமிலத்தில் சிவக்கவைப்பதும் மஞ்சள் கரைசலைக் காரத்தில் சிவக்கவைப்பதும் அழகான காட்சிகள்; ஆனால் தொடரில் அவை முட்டுச்சந்துகள். அவற்றை ஓரமாகக் கிளைக் காட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் அனுபவத்தில், எல்லா இணைப்புகளையும்விட நம்பத்தக்கது நீரின் எடை. 100 மில்லிலிட்டர் நீர் எந்த ஊரிலும் எந்த வெயிலிலும் கிட்டத்தட்ட 100 கிராம்தான். ஒரு வினையின் விளைவை எப்படியாவது குவளையில் சேரும் நீராக மாற்றிவிட்டால், அந்தக் குவளை நெம்புகோலைச் சாய்க்கும், கிளிப்பை இழுக்கும், ஸ்விட்சை அழுத்தும்.

வாயுவால் நீரை எப்படித் தள்ளுவது? அளவு என்ன?

ஒரு கூம்புக் குடுவையில் 1 கிராம் ஆப்பசோடாவை, அதாவது சோடியம் பைகார்பனேட்டை இடுங்கள். அதற்குள்ளேயே, 20 மில்லிலிட்டர் வினிகர் நிரம்பிய சிறு சோதனைக்குழாயை நிமிர்த்தி நிறுத்தி, ரப்பர் அடைப்பானால் குடுவையை மூடுங்கள். குடுவை சாயும்போது வினிகர் கொட்டும். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு குழாய் வழியாக நீர் நிரம்பிய இரண்டாவது பாட்டிலுக்குள் சென்று, அங்குள்ள நீரை மூன்றாவது குவளைக்குத் தள்ளும். 84 கிராம் சோடாவுக்கு ஒரு மோல் வாயு என்ற பாடக்கணக்குப்படி, 1 கிராமுக்கு 30 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் வாயு கிடைக்கும். சிறிதளவு நீரில் கரைந்துபோனாலும் 200 மில்லிலிட்டர் நீரைத் தள்ள அது தாராளம். வினிகரில் 4 சதவீத அசெட்டிக் அமிலம் இருப்பதாகக் கொண்ட கணக்கு இது. பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

குழாய்க்கு மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் செட்டை விட உகந்தது வேறில்லை. அதில் உள்ள உருளைப் பூட்டை நகர்த்தி நீரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. காலையில் இறுக மூடிவைத்த பாட்டிலுக்குள் இருக்கும் காற்று, கண்காட்சிக் கூடம் சூடேறச் சூடேற விரிவடையும். பாட்டிலில் அரை லிட்டர் காலியிடம் இருந்து வெப்பநிலை 5 டிகிரி உயர்ந்தால், 8 மில்லிலிட்டர் அளவுக்கு நீர் யாரும் கேட்காமலே குவளையில் வந்து சொட்டியிருக்கும். நெம்புகோல் மிக நுட்பமாகச் சமன்செய்யப்பட்டிருந்தால் அதுவே போதும், தொடர் தானாகக் கிளம்பிவிடும். காலியிடத்தைக் குறையுங்கள், இயக்கும் நேரம் வரை பக்கக்குழாய் ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள்.

சோடாவும் வினிகரும் போட்டும் நுரை சரியாக வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் நீங்கள் வாங்கியது பேக்கிங் பவுடராக இருக்கும். அதில் சோடாவுடன் உலர்ந்த அமிலப்பொருளும் மாவும் கலந்திருப்பதால், எடைக்கு எடை கிடைக்கும் வாயு குறைவு. ஈரக்காற்றில் திறந்துவைத்தால் அதுவும் வீணாகிவிடும். சலவை சோடா வேறு பொருள், சோடியம் கார்பனேட். கடையில் ஆப்பசோடா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு பொருளைக் கரைத்து அடுத்த கட்டத்தைத் தொடங்கும் நல்ல வினை எது?

அலுமினியத் தாளும் தாமிரக் கரைசலும். இதை நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்போம், ஏனென்றால் பார்வைக்கும் இனிது, பாடத்துக்கும் நெருக்கம், இணைப்பும் உறுதி. பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாகத் தாங்கியில் பொருத்தி, அதன் வாயைச் சமையலறையில் பயன்படும் அலுமினியத் தாளின் ஒற்றை அடுக்கால் மூடி ரப்பர் வளையத்தால் இறுக்குங்கள். முந்தைய கட்டம் இதற்குள் காப்பர் சல்பேட் கரைசலைக் கவிழ்க்க வேண்டும்.

வெறும் காப்பர் சல்பேட்டை ஊற்றினால் நெடுநேரம் ஒன்றும் நடக்காது. அலுமினியத்தின் மேல் படிந்துள்ள ஆக்சைடு படலம் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். அதே கரைசலில் ஒரு தேக்கரண்டி சமையல் உப்பைக் கலந்து ஊற்றிப் பாருங்கள்: குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தைத் துளைத்துவிடுவதால், தாளின் மேல் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றும், குமிழ்கள் எழும், கரைசல் வெதுவெதுப்பாகும், நீல நிறம் வெளிறத் தொடங்கும், பிறகு தாள் ஓரிடத்தில் கிழிந்து கரைசல் முழுவதும் கீழே கொட்டும். அலுமினியம் தாமிரத்தை இடப்பெயர்ச்சி செய்கிறது என்று புத்தகத்தில் ஒரே வரியில் படித்தது இங்கே கண்ணெதிரே நடக்கிறது. கொட்டும் கரைசல் கீழே உள்ள குவளையில் எடையாகவும் பயன்படும். குவளையில் இரண்டு கார்பன் தண்டுகளைப் பொருத்தியிருந்தால், அவற்றுக்கிடையே மின்சாரத்தைக் கடத்தும் மின்பகுளியாகவும் பயன்படும். ஒரே திரவம் இரண்டு வேலை பார்ப்பதை நடுவர்கள் கவனிக்காமல் போகமாட்டார்கள்.

தாள் கிழிய எடுக்கும் நேரம் கரைசலின் செறிவையும் வெப்பநிலையையும் பொறுத்து மாறும். அடுத்த கட்டம் அந்த நேரத்தை எதிர்பார்த்து நிற்கக்கூடாது. எப்போது கொட்டினாலும் ஏற்றுக்கொள்ளும்படி அமைந்திருக்க வேண்டும்.

வெப்ப உமிழ் வினையைக் கொண்டு எதையாவது உருக்கி விழச்செய்யலாமா?

செய்யலாம், ஆனால் உருகும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நம் ஊர்த் தட்பவெப்பத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். குளிர்நாட்டுக் காணொளிகளில் தேங்காய் எண்ணெயை உறையவைத்து அடைப்பாகப் பயன்படுத்துவார்கள். அது 24 டிகிரியில் உருகிவிடும். ஊட்டியில் மார்கழியில் வேண்டுமானால் முயலலாம், சென்னையில் அது அடைப்பாகவே ஆகாது. வனஸ்பதியும் கோடையில் தளர்ந்துவிடும். மெழுகுவத்தி மெழுகுக்கோ 50 முதல் 60 டிகிரிக்கு மேல் வேண்டும்.

நீரற்ற கால்சியம் குளோரைடு 20 கிராமை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் வெப்பநிலை 25 டிகிரிக்கு மேல் உயரும். 32 டிகிரி நீரில் தொடங்கினால் 60-ஐ ஒட்டி வரும் என்று காகிதத்தில் தோன்றும். ஆனால் பாத்திரமும் காற்றும் எடுத்துக்கொள்ளும் வெப்பத்தைக் கழித்தால் மெழுகு உருகுவது ஐயமே. இந்த இடத்தில் பிடிவாதம் பிடிக்காமல் வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் உணரியான தெர்மிஸ்டர் ஒன்றை நீரில் இறக்கி, வெப்பநிலை உயர்ந்ததும் சுற்று இயங்கும்படி செய்துவிடுங்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுத்த நீற்றாத சுண்ணாம்பு இதைவிட அதிக வெப்பம் தரும் என்று சிலர் கேட்பதுண்டு. அது கொதித்துத் தெறித்தால் கண்ணுக்குப் பேராபத்து. மாணவர் மேசைக்கு அது வேண்டாம்.

அயோடின் கடிகார வினையைச் சேர்க்க முடியுமா?

முடியும். 1886-இல் ஹான்ஸ் லாண்டோல்ட் வெளிப்படுத்திய இந்த வகை வினையில், நிறமற்ற கரைசல் சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டுச் சட்டென்று கருநீலமாக மாறும். பள்ளிக்கு ஏற்ற வடிவத்தில், அமிலம் கலந்த பொட்டாசியம் அயோடைடை ஹைட்ரஜன் பெராக்சைடு மெல்ல அயோடினாக மாற்றிக்கொண்டே இருக்க, கரைசலில் உள்ள சோடியம் தயோசல்பேட் அந்த அயோடினை உடனுக்குடன் தீர்த்துக்கட்டும். தயோசல்பேட் முழுவதும் தீர்ந்த கணத்தில் அயோடின் தங்கி, மாவுக்கரைசலுடன் சேர்ந்து நிறம் தோன்றும். எனவே தயோசல்பேட்டின் அளவைக் கூட்டினால் காத்திருப்பு நேரம் கூடும்.

இணைப்புக்கு, முகவையின் ஒரு பக்கத்தில் வெள்ளை எல்.இ.டி.யும் எதிர்ப்பக்கத்தில் எல்.டி.ஆர். என்னும் ஒளியுணரியும் வைக்க வேண்டும். கரைசல் கறுத்ததும் உணரியின் மின்தடை பல மடங்கு உயரும். ஒரு டிரான்சிஸ்டரும், மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சான ரிலேயும் கொண்டு அதை மோட்டாரை இயக்கும் சைகையாக மாற்றலாம். உணரியைக் கறுப்புத் தாளால் சுருட்டிய குழலுக்குள் வைக்காவிட்டால், குனிந்து பார்க்கும் பார்வையாளரின் நிழலே வினை முடிந்ததாகச் சைகை காட்டிவிடும்.

வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வினைவேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்ற பொதுவிதியை இங்கே நேரில் பார்க்கலாம். குளிரூட்டப்பட்ட அறையில் 40 வினாடி எடுத்த கரைசல், வெயிலடிக்கும் கூடத்தில் 20 வினாடியில் மாறக்கூடும். நேரத்தைக் குறித்துவைக்கும்போது வெப்பநிலையையும் சேர்த்தே குறியுங்கள்.

எலுமிச்சை மின்கலத்தால் மோட்டாரை ஓட்டலாமா?

ஓடாது. துத்தநாகமும் தாமிரமும் செருகிய ஒரு பழம் ஒரு வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தந்தாலும், மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியரை எட்டுவதே அரிது. நான்கு பழங்களைத் தொடராக இணைத்தால் சிவப்பு எல்.இ.டி. மங்கலாக ஒளிரும், அவ்வளவுதான்.

யானைப் பற்பசை எனப்படும் நுரை வினையை எந்தக் கட்டத்தில் வைப்பது?

கடைசியில். எல்லோரும் அதை நடுவில் வைக்க ஆசைப்படுகிறார்கள், ஆனால் நுரை ஒரு மோசமான தள்ளுபொருள். ஆக்சிஜன் முழுவதும் சோப்புக் குமிழ்களுக்குள் சிக்கிக்கொள்வதால் அழுத்தம் கிடைப்பதில்லை; வழிந்த நுரை அருகில் உள்ள சுற்றுகளை நனைத்துவிடும். முடிவுக்காட்சியாக அதற்கு இணை இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடின் பாட்டிலில் '20 வால்யூம்' என்று குறித்திருப்பார்கள். அதாவது 1 மில்லிலிட்டர் 20 மில்லிலிட்டர் ஆக்சிஜனைத் தரும். உயரமான அளவுருளையில் 50 மில்லிலிட்டர் எடுத்துச் சிறிது பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, வெதுவெதுப்பான நீரில் கரைத்த ஈஸ்ட்டைக் கவிழ்த்தால் ஒரு லிட்டர் வாயுவுக்குரிய நுரை எழும். 30 சதவீதப் பெராக்சைடு தோலைச் சுட்டு வெண்மையாக்கிவிடும். அதைக் கேட்டு ஆய்வக உதவியாளரை நச்சரிக்க வேண்டாம். வினைவேக மாற்றிக்காகப் பழைய பேட்டரியை உடைத்துக் கறுப்புப் பொடி எடுப்பதும் வேண்டாம். அது தூய மாங்கனீசு டை ஆக்சைடும் அன்று.

அசிட்டோனில் தெர்மோகோல் கரைவதை வேதிவினையாகக் காட்டலாமா?

காட்டினால் நடுவர் மடக்குவார். தெர்மோகோலில் உள்ள பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் கரைந்து உள்ளிருந்த காற்று வெளியேறுகிறது; புதிய பொருள் எதுவும் உருவாவதில்லை. கோலா பானத்தில் மிட்டாய் போடுவதும் அப்படித்தான். இயற்பியல் மாற்றம் என்று நீங்களே எழுதிவைத்துவிட்டால் அதையே பாராட்டுவார்கள். அசிட்டோனின் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால், அந்த மேசையில் மெழுகுவத்தி எதுவும் எரியக்கூடாது.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கிளிசரினும் சேர்த்துத் தீயை உண்டாக்கலாமா?

கூடாது. எப்போது பற்றும் என்பது படிகங்களின் பருமனையும் வெப்பநிலையையும் பொறுத்து மாறுவதால், பற்றவில்லையே என்று எட்டிப் பார்க்கும் கணத்தில் அது பற்றிக்கொள்ளும். தெர்மைட், சோடியம் உலோகம், குளோரேட்டு உப்புகள், ஹைட்ரஜன் நிரப்பிய பலூன் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். வாயு வெளிவரும் எந்தப் பாத்திரத்தையும் வழியின்றி இறுக மூடாதீர்கள். கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும், வேடிக்கை பார்க்கக் குனியும் தம்பி தங்கைகளுக்கும், கட்டாயம். கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவியபடியே ஆசிரியரை அழைத்து, பிறகு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

குழுவில் வேலையை எப்படிப் பிரிப்பது?

ஆளுக்கொரு வினை என்று பிரிக்கும் வழக்கம்தான் பல குழுக்களைக் கவிழ்க்கிறது. ஒவ்வொருவரும் தம் வினையை வீட்டில் செம்மையாகச் செய்து கொண்டுவருவார்கள்; மேசையில் சேர்க்கும்போது ஒருவரது குழாய் அடுத்தவரின் குவளைக்கு எட்டாது. மாறாக, இணைப்பு ஒவ்வொன்றையும் இருவரிடம் ஒப்படையுங்கள்: அனுப்பும் கட்டத்துக்காரர் ஒருவர், பெறும் கட்டத்துக்காரர் ஒருவர். "150 மில்லிலிட்டர் நீர், ஒரு நிமிடத்துக்குள், மேசையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில்" என்று இருவரும் காகிதத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளட்டும். ஒருவரது கட்டம் மாறினால் மற்றவரிடம் கேட்காமல் அந்த எண்ணை மாற்றக்கூடாது. பெறும் கட்டம், ஒப்புக்கொண்டதில் பாதி வந்தாலே இயங்கும்படி அமைக்கப்பட வேண்டும்.

"இது உண்மையான தொடர்வினையா?" என்று நடுவர் கேட்டால் என்ன சொல்வது?

இல்லை என்றே சொல்லுங்கள். வேதியியலில் தொடர்வினை நடக்கும்போது, ஒரு படியில் உருவாகும் வினைபுரியும் துகளே அதே வினையை மீண்டும் நடத்தும். ஹைட்ரஜனும் குளோரினும் கலந்த வாயுவின் மேல் ஒளி பட்டால் குளோரின் மூலக்கூறு அணுக்களாகப் பிரியும். அந்த அணு ஹைட்ரஜனைத் தாக்கி ஹைட்ரஜன் அணுவை உண்டாக்கும். அது மறுபடியும் குளோரின் அணுவை உண்டாக்கும். ஒரே ஒளித்துகளால் பல இலட்சம் ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறுகள் உருவாக முடிவது இதனால்தான். இத்தகைய வினைகளின் வழிமுறையை ஆராய்ந்ததற்காகச் வேதியியலாளர்கள் செம்யோனோவும் ஹின்ஷெல்வுட்டும் 1956-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நம் மேசையில் இருப்பதோ, தனித்தனி வினைகளை இயந்திர வழியில் கோத்த வரிசை.

கண்காட்சியன்று எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

ஒருமுறை ஓட்டிவிட்டு மீண்டும் அமைக்க ஆகும் நேரமே அன்றைய பெரிய சிக்கல். கரைசல்களை முன்கூட்டியே அளந்து சிறு பாட்டில்களில், கட்ட எண்ணும் பொருளின் பெயரும் எழுதி ஒட்டி அடுக்கிவையுங்கள். அலுமினியத் தாள் கட்டிய பாட்டில் கழுத்துகள் பல தயாராக இருக்கட்டும். ஈஸ்ட் கரைசலையும் ஆப்பசோடாவையும் மட்டும் அவ்வப்போது புதிதாக எடுங்கள். தொடர் நடுவில் நின்றுவிட்டால், நின்ற இடத்தைப் பார்வையாளருக்குக் காட்டி, ஏன் நின்றது என்று விளக்கிவிட்டு, அங்கிருந்து கையால் தொடருங்கள்.

முடிந்தபின் கழிவுகளை எங்கே கொட்டுவது?

வினிகர், சோடா, நுரை ஆகியவற்றை நிறைய நீர்விட்டுக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றலாம். தாமிரம் கலந்த கரைசலை அப்படி ஊற்றக்கூடாது, பள்ளித் தோட்டத்துச் செடிகளுக்கும் ஊற்றக்கூடாது. நீர்வாழ் உயிர்களுக்குத் தாமிரம் நஞ்சு. அதை ஒரு வாளியில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போட்டு ஓரிரவு விட்டுவிட்டால், மிஞ்சிய தாமிரம் இரும்பின் மேல் படிந்து நீல நிறம் மறையும். வடிகட்டி எடுத்த தாமிரப் படிவை உலர்த்திப் பாட்டிலில் இட்டுப் பெயரெழுதி ஆய்வகத்தில் ஒப்படையுங்கள். அயோடின் கரைசலின் கருநீலம் போகும்வரை சிறிது சிறிதாகத் தயோசல்பேட் சேர்த்து, நிறம் முழுவதும் நீங்கியபின் நீருடன் ஊற்றிவிடலாம்.